ஆத்தப்பன் பொறுப்பில் இருந்த டயர்

திருப்பூரில் கட்டிலுக்கு அடியில் அரிசி மூட்டை வைத்திருப்பவர்கள் உண்டு. கல்யாணத்தில் வந்த பித்தளைப் பாத்திரத்தை அட்டைப்பெட்டியோடு தள்ளி வைத்திருப்பவர்கள் உண்டு. ஆத்தப்பன் டயர் வைத்திருந்தார். ஒரே ஒரு டயர், அதுவும் பழைய டயர். ஏற்றுமதிச் சட்டைகளைப் போட்டு அனுப்புகிற பெரிய பாலித்தீன் பையில் அதைச் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, வெயிலும் காற்றும் படாமல் வைத்திருந்தார். மோட்டார் ஓடுகிற இடத்தில் ரப்பர் சீக்கிரம் வெடித்துப்போகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, மாவரைக்கிற கிரைண்டரை உள்ளறையிலிருந்து வாசலுக்குத் துரத்தியவர் அவர். அன்று முதல் அவர் மனைவி சாரதாமணி தெருவைப் பார்த்து உட்கார்ந்துதான் மாவாட்டினாள். போகிறவர் வருகிறவர் ஏன் என்று கேட்டால், உள்ளே கட்டிலுக்கடியில் கன்றுக்குட்டி கட்டியிருக்கிறது, சத்தம் ஆகாது என்பாள்.

ஆத்தப்பனுக்கு நாற்பத்தாறு வயது. வெள்ளகோவில் பக்கம் பிறந்து, மீசை அரும்புகிற வயதில் திருப்பூர் வந்து, ஒரு சாயப்பட்டறையில் கூலியாகச் சேர்ந்து மாஸ்டர் ஆனவர். நல்ல கனத்த உடம்பு, மெதுவாக வரும் பேச்சு. அவர் விரல் நகங்களைப் பார்த்தே அன்றைக்குப் பட்டறையில் என்ன கலர் ஓடியது என்று சொல்லிவிடலாம். குடி இல்லை, சீட்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பதையும் வருஷத்துக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்குப் போவதையும் தவிர்த்தால் வேறு போக்கிடமும் இல்லை. இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு பைக் ரேஸ் பைத்தியம் எங்கிருந்து பிடித்தது என்று அவருடைய மாமனார் சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

பிடித்த கதை சின்னதுதான். கோயமுத்தூரில் ஒரு விசேஷத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் கூட்டத்தைப் பார்த்து பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். நேரான தார்த்தளம். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பச்சை விளக்கு எரிந்ததும் கால் மைல் தூரத்தை முதலில் தாண்டுகிறவன் ஜெயித்தான். வளைவு கிடையாது, சுற்றி வருவது கிடையாது, நீளமாக ஒரு கொட்டாவி விடுகிற நேரத்தில் முடிந்துவிடும். இதற்கு டிராக் ரேஸ் என்று பெயர். மற்றவர்களெல்லாம் என்ஜின் சத்தத்தில் சொக்கிப்போய் நிற்க, ஆத்தப்பன் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படுகிற அந்த நொடியில் பின் டயர் தரையைக் கவ்வினால் வண்டி பாய்கிறது. கவ்வாவிட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை விடுகிறது. எவ்வளவு பெரிய என்ஜினாக இருந்தாலும் அதோடு சரி. துணியில் சாயம் பிடிக்குமா பிடிக்காதா என்று வாழ்நாளெல்லாம் கவலைப்பட்டவருக்கு இந்த விவகாரம் மனதில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டு முனீஸ்தான் கூட்டாளி. அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷின் டெய்லர். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. ரேஸ் ஓட்ட அதுதானே வேண்டும். பழைய யமஹா ஒன்றை இருவரும் சேர்ந்து வாங்கி, என்ஜின் முனீஸுக்கு, டயர் ஆத்தப்பனுக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். ஓட்டுவது முனீஸ். ஆத்தப்பன் ரேஸ் தளத்தில் ஒருமுறைகூட ஏறி உட்கார்ந்ததில்லை. இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அது எங்கே நகரும் என்று சிரிப்பார்.

ரேஸுக்கென்றே செய்த டயர் புதிதில் மெத்தென்று இருக்கும், தொட்டால் கையில் ஒட்டும். ஆனால் அது கடல் தாண்டி வர வேண்டிய சரக்கு. இவர்களுக்கு வாய்த்தது கோயமுத்தூர்க்காரர்கள் ஓட்டித் தேய்த்துக் கழித்துவிட்ட டயர். அதற்கும் வயதாகி, தோல் இறுகிக்கொண்டே வந்தது. ஞாயிறுதோறும் பையைப் பிரித்து ஆத்தப்பன் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். முன்பெல்லாம் நகத்தடம் பிறையாகப் பதிந்து நிற்கும். பிறகு பதிந்தது போலப் பதிந்து மறைந்தது. அப்புறம் பதியவே இல்லை.

2006ஆம் வருஷப் போட்டியில் அந்த இறுகிப்போன டயர் காலை வாரிவிட்டது. விளக்கு எரிந்ததும் பின்சக்கரம் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் திரும்பி, முனீஸ் இடது தோளில் அடிபட விழுந்தான். காறை எலும்பு உடைந்தது. கையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவன் வீட்டில் கிடந்த காலமெல்லாம் அவன் மனைவி ஜோதிகாதான் ஓவர்டைம் பார்த்துக் குடும்பத்தை இழுத்தாள்.

ஜோதிகாவுக்கு ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, எண்ணெய்க் கறையோ தையல் விட்டுப்போன இடமோ கண்ணில் பட்டால் அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய துணிக்கு ‘ஆல்டர்’ என்று பெயர். பழுதைச் சரிசெய்துவிட்டால் நல்ல துணியோடு கப்பலேறிவிடும். சரிசெய்யவே முடியாதது ரிஜெக்ட். அதற்கு அம்பெல்லாம் கிடையாது, நேரே பெட்டிக்குள் போய் விழும். அந்த அம்புகள் அவள் டிபன் பாக்ஸ் மூடியிலும் கைப்பையிலும் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

முனீஸ் படுத்துக் கிடந்தபோது அவள் ஆத்தப்பனை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எதிரில் பார்த்தால் சாப்பிட்டாச்சா அண்ணே என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருந்தால் தேவலையே என்று இருந்தது அவருக்கு. அவள் கேட்டுவிட்டுப் போன பிறகு சாப்பாடு இறங்காது.

எலும்பு கூடியது. கூடியதும் அந்தப் பயல் சும்மா இருந்தானா? பொங்கல் கழிந்து வருகிற அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். அவர்கள் வீட்டில் சில நாட்கள் பாத்திரங்கள்தான் பேசின. அப்புறம் ஒரு சாயங்காலம் ஜோதிகா ஆத்தப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“அண்ணே, இவுக கேக்க மாட்டேங்காக. நானும் சரின்னுட்டேன். ஆனா இன்னொரு வாட்டி விழுந்தா எந்திரிக்க மாட்டாக. டயரு வழுக்காதுன்னு நீங்க சொல்லுங்க, அது போதும்.”

ஆத்தப்பன் எழுந்து நின்றுவிட்டார். “வழுக்காதுங்க அம்மிணி. அது எம் பொறுப்பு.”

சொல்லி அனுப்பிய பிறகுதான் யோசித்தார். நகம் பதியாத டயரை வைத்துக்கொண்டு என்ன தைரியத்தில் வாக்குக் கொடுத்தோம்? காற்றைக் குறைத்து விடலாம், புறப்படும் முன் சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றலாம். ஆனால் அதெல்லாம் போன வருஷமும் செய்ததுதான். இறுகின ரப்பரை எப்படி இளக்குவது? பட்டறையில் நின்றுகொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தவர் எதிரில், சாயம் ஏறின துணி தகடு மாதிரி விறைத்து வெளியே வந்தது. பையன்கள் வழக்கம்போல அதைச் சிலிக்கான் சாஃப்ட்னர் கலந்த தண்ணீரில் போட்டு எடுத்தார்கள். மறுபடி வந்தபோது குழந்தைக்குப் போடலாம் போல அவ்வளவு மிருது. வெளிநாட்டுக்காரருக்காகச் சரக்குப் பார்க்க வந்திருந்தவர் அதை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு தலையாட்டினார்.

ஆத்தப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடக் கடவுளே, இத்தனை வருஷம் கையில் வைத்துக்கொண்டா தேடினோம்!

அன்றைக்கே ஒரு சின்னக் கேனில் சாஃப்ட்னர் வீட்டுக்கு வந்தது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்து கைகால் கழுவியதும் ஒருமுறை, டயரை மடியில் போட்டுக்கொண்டு பனியன் வேஸ்ட் என்கிற வெட்டுத்துணியை அதில் நனைத்து நனைத்துத் தேய்த்தார். நாளாக ஆக டயர் பளபளவென்று ஆனது. தடவினால் வெண்ணெய். நகத்தை அழுத்தினார், பதிந்த மாதிரித்தான் தெரிந்தது. ஆசைப்பட்டு அழுத்துகிற நகத்துக்கு எதுதான் பதியாது? முனீஸ் வந்து என்னண்ணே தடவுறீங்க என்று கேட்டபோது பட்டறை ரகசியம் என்று கண்ணடித்தார். சாரதாமணி கட்டிலோரம் கூட்டும்போது இரண்டு தடவை சறுக்கி விழப் பார்த்தாள்.

“ஏனுங்க, ஊட்டுக்குள்ள கால் வெச்சா வழுக்குதுங்க. என்னத்தை ஊத்தித் தொலைக்கறீங்க?”

சோப்புப் போட்டுத் துடைத்துவிடு என்று மட்டும் சொன்னார். அப்போதாவது மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

போட்டி நாள் ஞாயிற்றுக்கிழமை. குட்டியானை என்று எல்லோரும் கூப்பிடுகிற சின்ன லோடு வண்டியில் யமஹாவை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினார்கள். ஆத்தப்பனும் முனீஸும் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜோதிகா முன்னால் டிரைவர் பக்கத்தில் எலுமிச்சம்பழச் சோறு கட்டிய பையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் ரேஸ் பார்க்க வந்தது அதுதான் முதல் தடவை. சாயப்பட்டறைப் பையன்கள் சிலரும் விசிலோடு பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள், எங்கள் மாஸ்டர் டயர் என்று பெருமை வேறு.

போட்டிக்கு முன் எல்லோருக்கும் ஒரு பயிற்சி ஓட்டம் உண்டு. முனீஸ் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். டயரில் ஒட்டியிருந்த மண்ணைக் கழுவலாம் என்று ஆத்தப்பன் மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றினார். தண்ணீர் டயரில் பரவவில்லை. முத்து முத்தாகத் திரண்டு, உருண்டு, தரையில் விழுந்தது. அவர் இன்னொரு மக்கு ஊற்றினார். அதுவும் அப்படியே உருண்டது.

இதை அவர் பல்லாயிரம் தடவை பார்த்திருக்கிறார். துணியில் சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்ப்பது பட்டறையில் அன்றாடச் சோதனை. உறிஞ்சினால் வெறும் துணி, உருண்டால் சிலிக்கான் ஏறின துணி. அந்தத் துணி ஏன் மிருதுவாக இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியாததில்லை. நூல் இளகுவதில்லை, நூலுக்கு நூல் வழுக்குகிறது, அந்த வழுக்கல்தான் விரலுக்கு மிருதுவாகப் படுகிறது. அப்படியென்றால் இத்தனை நாளாக டயரை மடியில் போட்டுக் குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போலத் தேய்த்து ஏற்றியது என்ன? எது வரக் கூடாது என்று வாக்குக் கொடுத்தாரோ அதையேதான்.

ஆத்தப்பன் மக்கைக் கீழே வைத்தார். சக்கரத்தைச் சுழற்றிச் சூடேற்றும்போது இதெல்லாம் எரிந்து போய்விடாதா என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. போகலாம், போகாமலும் இருக்கலாம். வேலிக்கு அந்தப் பக்கம் பட்டறைப் பையன்கள் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். ஜோதிகா சோற்றுப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் வண்டியைப் பார்க்கவில்லை, முனீஸின் இடது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முனீசு, ஏறாதீங்க” என்றார் ஆத்தப்பன். “நாந் தப்புப் பண்ணிப்போட்டேன். டயர்ல சிலிக்கான் தடவியிருக்குது.”

முனீஸ் முதலில் சிரித்தான். மாஸ்டரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. வேலியைத் தாண்டி ஜோதிகா வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. சாஃப்ட்னர் கறை பட்ட துணியைத் தினம் தினம் பார்க்கிறவளுக்குச் சிலிக்கான் என்ற ஒரு சொல் போதும். கைப்பையிலிருந்து ஒரு அம்பு ஸ்டிக்கரை உரித்து, டயரைத் துடைத்துவிட்டு அதன் மேல் அழுத்தி ஒட்டினாள். கையை எடுத்ததும் அது கீழே விழுந்தது. இன்னொன்றை உரித்து வேறு இடத்தில் ஒட்டினாள். அதுவும் விழுந்தது. ஒரு துண்டுக் காகிதம்கூட ஒட்டாத டயரில் புருஷனை ஏற்றி அனுப்ப இருந்தோம் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. ஆத்தப்பன் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தரையில் கிடந்த அம்புகளைப் பொறுக்கினார்.

வண்டியை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்று அவர்தான் சொன்னார். முனீஸுக்கு மனசில்லை. பக்கத்தில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த இன்னொரு குழுவிடம் தின்னரும், உப்புத்தாளும், பட்டை அரமும் கேட்டு வாங்கி வந்தான். போட்டி மதியத்துக்கு மேல்தான். சக்கரத்தைக் கழற்றி வேப்பமர நிழலில் போட்டு மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். முதலில் சோப்பு, பிறகு பனியன் வேஸ்ட்டில் தின்னர். அப்புறம் ஆத்தப்பன் அரத்தை எடுத்து டயரின் மேல்தோலைச் சீவ ஆரம்பித்தார். வயதாகி இறுகின அந்தப் பளபளப்புத் தோல் தூள் தூளாக உதிர்ந்தது. அவர் சீவுவார், முனீஸ் உப்புத்தாள் போடுவான், ஜோதிகா துடைத்துக் காயவிட்டு அம்பு ஒட்டிப் பார்ப்பாள். விழுந்தால் இன்னும் ஒட்டலைண்ணே என்பாள், அவ்வளவுதான். அவர் மறுபடி சீவுவார். செக்கிங் டேபிளில் உட்கார்ந்திருப்பது போலத்தான் அவள் இருந்தாள், ஒரு விரற்கடை இடத்தையும் விடவில்லை.

தோல் போகப் போக அடியிலிருந்து மங்கலான கறுப்பு ரப்பர் எழுந்தது. அதில் தண்ணீர் உருளவில்லை, பரவி ஈரமாக நின்றது. ஆத்தப்பன் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். லேசாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல், பிறை பதிந்தது. மேலே காய்ந்துபோன தோலுக்கு அடியில் நல்ல ரப்பர் இத்தனை நாளும் இருந்திருக்கிறது. அதைச் சீவி எடுக்காமல் அதன் மேலேயே சாஃப்ட்னரைத் தேய்த்துக்கொண்டிருந்தோமே என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சுற்றிலும் ஒட்டிய அம்புகள் ஒன்றும் விழாமல் நின்றன.

சக்கரத்தை மாட்டி, காற்றைக் கொஞ்சம் இறக்கினார்கள். முனீஸ் ஹெல்மெட்டை எடுத்தான். ஜோதிகா அதை அவன் கையிலிருந்து வாங்கி ஆத்தப்பனிடம் நீட்டினாள்.

“மொதல்ல நீங்க ஏறுங்கண்ணே.”

கோபமாகச் சொல்லவில்லை. வேண்டுமானால் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், அவள் கட்டாயப்படுத்தியிருக்க மாட்டாள். ஆனால் அதைச் சொல்லிவிட்டு அவள் முன் நிற்பது எப்படி? பயிற்சி ஓட்டத்தை லைசென்ஸ் உள்ளவர் யாரும் ஓட்டலாம், அது அவரிடமும் இருந்தது. முனீஸின் ஹெல்மெட் ஆத்தப்பன் தலையில் பாதிக்கு மேல் இறங்கவில்லை. பெரிய தலைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கினார்கள். நாற்பத்தாறு வயதில், வேட்டியைக் கழற்றி வேடிக்கை பார்க்க வந்திருந்த முனீஸின் உறவுக்காரன் ஒருவனுடைய பேண்டை மாட்டிக்கொண்டு, கனத்த உடம்போடு அவர் வண்டியில் ஏறியதும் பட்டறைப் பையன்கள் விசிலடிக்கவே மறந்துவிட்டார்கள்.

தண்ணீர் தெளித்த இடத்தில் சக்கரத்தைச் சுழற்றினார். புகை எழுந்தது, ரப்பர் கருகும் வாடை வந்தது. கோட்டுக்கு வந்து நின்றார். வழுக்கினால் தன் காறை எலும்பு போகும், அது போனால் போகட்டும். வழுக்கினால் முனீஸ் இனி ஏற மாட்டான், ஜோதிகா இனிச் சாப்பிட்டாச்சா அண்ணே என்று கேட்க மாட்டாள். விளக்கு எரிந்தது. அவர் கிளட்சை விட்டார். பின்டயர் ஒரு கணம் கீச்சென்றது, பிறகு தரையைக் கவ்வியது. முதுகில் யாரோ கைவைத்துத் தள்ளியது போல வண்டி முன்னால் பாய்ந்தது. நேராக, கோடு போட்டது போல நேராகப் போனது. ஆத்தப்பன் வாய்விட்டு முருகா முருகா என்று கத்திக்கொண்டே போனது ஹெல்மெட்டுக்குள் அவருக்கு மட்டும் கேட்டது.

நேரக் கணக்கைப் பார்த்தால் அன்றைக்கு அவ்வளவு மெதுவாக ஓட்டியவர் வேறு யாரும் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. அவர் திரும்பி வந்து இறங்கியதும் ஜோதிகா குனிந்து டயரில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது, கையை எடுக்கும்போது பிசுபிசுவென்று ஒட்டி, பிறகு விட்டது. அவள் கறுப்பாகிப்போன கையைப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை எடுத்துத் தானே முனீஸுக்கு மாட்டி, தாடைக்குக் கீழே வாரை இழுத்துவிட்டாள்.

முனீஸ் முதல் சுற்றில் ஜெயித்தான். சுற்றுக்குச் சுற்று நடுவில் சூடு ஆறிவிடாமல் டயரின் மேல் வேஸ்ட் துணியைப் போர்த்தி ஆத்தப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இரண்டாவது சுற்றில், புது டயர் போட்டு வந்த கோயமுத்தூர்ப் பையன் ஒருவனிடம் கொஞ்சத்தில் தோற்றான். இரண்டு தடவையும் வண்டி இம்மிகூடத் திரும்பவில்லை. அவன் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றிய பிறகுதான் ஜோதிகா வாயைத் திறந்தாள்.

“நேராப் போச்சுண்ணே” என்றாள். சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டாள். போன வருஷம் ஆஸ்பத்திரியில்கூட அழாதவள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

ஆத்தப்பன் பக்கத்தில் போய் நின்றார். தப்பு என்னுதுங்க அம்மிணி என்று ஏதோ முணுமுணுத்தார். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கைப்பையைத் துழாவினாள். மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு அம்பை உரித்து, அவர் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, பழுதைக் காட்டுவது போல ஒட்டினாள்.

“ரிஜெக்ட் இல்லண்ணே. ஆல்டர்தான்.”

முனீஸ் விழுந்து விழுந்து சிரித்தான். ஆத்தப்பனும் சிரித்தார், கண் கலங்கியது யாருக்கும் தெரியக் கூடாதென்று டயரைக் கழற்றக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் சாரதாமணி சட்டையைத் துவைக்க வாங்கினாள். நெஞ்சில் என்னமோ ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்று பிய்க்கப் போனாள். ஆத்தப்பன் சட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை அதே அழுக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனார்.